திருநங்கை, திருநம்பி குழந்தையைத் தத்தெடுக்க: சென்னையில் எங்கிருந்து தொடங்குவது

திருநங்கையோ திருநம்பியோ குழந்தையைத் தத்தெடுக்கக் கூடாது என்று இந்தியாவில் எந்தச் சட்டமும் சொல்லவில்லை. எடுக்கலாம் என்று நம் பெயரைச் சொல்லி எழுதிவைத்த சட்டமும் இல்லை. இதைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள், ஏனென்றால் விண்ணப்பத்தோடு போய் நிற்கும் இடத்தில் ஒருவர் "உங்களுக்கெல்லாம் கிடையாதே" என்பார், இன்னொருவர் "எங்களுக்குத் தெரியலை, மேலே கேட்டுச் சொல்றோம்" என்பார், இரண்டுமே வாய்வார்த்தைதான், சட்டம் இல்லை.

நடைமுறையில் பார்க்க வேண்டியது 2022-ல் வந்த தத்தெடுப்பு ஒழுங்குமுறை விதிகள். அதில் விண்ணப்பிப்பவரை மூன்று விதமாகத்தான் எழுதியிருக்கிறார்கள். திருமணமான தம்பதி, தனித்த பெண், தனித்த ஆண். தனித்த பெண் எந்தக் குழந்தையையும் எடுக்கலாம். தனித்த ஆண் பெண் குழந்தையை எடுக்க முடியாது. தம்பதி என்றால் குறைந்தது இரண்டு ஆண்டுகள் நிலையான திருமண வாழ்க்கை வேண்டும், இருவரும் சம்மதிக்க வேண்டும். அவ்வளவுதான், நம்மைப் பற்றி ஒரு வரியும் கிடையாது. இந்த இடைவெளியில் சிக்கியவர்களில் ஊரறிந்தவர் பிரித்திகா யாஷினி. நாட்டின் முதல் திருநங்கை சப்-இன்ஸ்பெக்டர், நம் தமிழ்நாடு காவல்துறையில் இருப்பவர். தத்தெடுக்க விண்ணப்பித்து, மறுக்கப்பட்டு, 2022-ல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். அரசு வேலையும் நிரந்தரச் சம்பளமும் உள்ளவருக்கே இந்த நிலை என்றால் நமக்கு எப்படி என்று மனம் தளர வேண்டாம். மறுத்ததை அவர் எழுத்தில் வைத்திருந்தார், அதனால்தான் நீதிமன்றத்துக்குப் போக முடிந்தது. இந்தக் கட்டுரையில் நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவதும் இதுதான்: காகிதத்தைச் சரியாக வையுங்கள், பதிலையும் காகிதத்தில் வாங்குங்கள்.

எந்தப் பெயரில், எந்தப் பாலினத்தில்

காரா என்று எல்லோரும் சொல்லும் மத்திய தத்தெடுப்பு ஆணையத்தின் இணையதளத்தைத் திறப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது. இதற்கே பல மாதங்கள் ஆகலாம், ஆகட்டும்.

திருநங்கை, திருநம்பி எல்லோரையும் சேர்த்துத் திருநர் என்கிறோம். 2019-ஆம் ஆண்டு திருநர் பாதுகாப்புச் சட்டப்படி அடையாளச் சான்றிதழ் தருபவர் மாவட்ட ஆட்சியர். அதற்கான தேசிய இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். சென்னைக்காரர்களுக்கு ஆட்சியர் அலுவலகம் ராஜாஜி சாலையில் உள்ள சிங்காரவேலர் மாளிகை. முதலில் வருவது திருநர் என்ற சான்றிதழ். அறுவை சிகிச்சை செய்தவர்கள் அதற்கடுத்து ஆண் அல்லது பெண் என்று திருத்திய சான்றிதழுக்கு விண்ணப்பிக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. விண்ணப்பிக்கும் நாளில் நடப்பிலுள்ள விதியைப் படித்துவிட்டுப் படிவத்தை நிரப்புங்கள். நலவாரிய அட்டை இருக்கிறதே, போதாதா என்று பலர் கேட்கிறார்கள். 2008-லிருந்து நமக்கு நலவாரியம் இருக்கிறது, அந்த அட்டை நலத்திட்டங்களுக்கு உதவும், ஆனால் ஆட்சியர் சான்றிதழ் செய்யும் வேலையை அது செய்யாது. இன்னொன்றையும் கவனியுங்கள். கடைசியில் உங்கள் தத்தெடுப்பு ஆணையில் கையெழுத்திடப் போவதும் மாவட்ட ஆட்சியர்தான். சிறார் நீதிச் சட்டத் திருத்தம் 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்ததிலிருந்து அந்த அதிகாரம் நீதிமன்றத்திலிருந்து அவரிடம் வந்துவிட்டது. உங்களை இன்னார் என்று சான்றளித்த அதே அலுவலகத்தின் முன்னால்தான் பெற்றோராகவும் போய் நிற்பீர்கள், அதனால் அந்தச் சான்றிதழுக்கு இந்த வேலையில் மதிப்பு அதிகம்.

பெண் என்று திருத்திய சான்றிதழ் கையில் இருக்கும் திருநங்கைகள் தனித்த பெண் என்ற பிரிவில் விண்ணப்பியுங்கள். விதியில் எழுதியிருப்பதற்கு நேராகப் பொருந்துவது அதுதான். திருநர் சான்றிதழ் மட்டும் இருப்பவர்களுக்குக் கேள்விகள் அதிகம் வரும், அதற்காகத் தத்தெடுப்பை மனதில் வைத்து அவசரமாக அறுவை சிகிச்சைக்குப் போகாதீர்கள், அது உங்கள் உடம்பு, உங்கள் முடிவு, ஒரு படிவத்துக்காகச் செய்கிற காரியம் இல்லை. ஆண் என்று சான்றிதழ் உள்ள திருநம்பி தனியாக விண்ணப்பித்தால் ஆண் குழந்தைதான் கிடைக்கும். பதிவான திருமணம் இருந்து தம்பதியாகப் போனால் இந்தத் தடை இல்லை.

திருமணம் என்றதும் நினைவுபடுத்துகிறேன். 2019 ஏப்ரல் 22 அன்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இந்து திருமணச் சட்டத்தில் மணமகள் என்றால் திருநங்கையும் அடக்கம், அந்தத் திருமணத்தைப் பதிவு செய்தாக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் ஆண்-பெண் உறவில் இருக்கும் திருநர்களுக்கு இருக்கிற சட்டங்களின்படியே திருமணம் செய்துகொள்ளும் உரிமை உண்டு என்றது. ஆகவே துணையோடு வாழ்பவர்கள் முதலில் திருமணத்தைப் பதிவு செய்யுங்கள், இரண்டு ஆண்டு கழித்து இருவருமாக விண்ணப்பியுங்கள். பதிவு செய்யாமல் சேர்ந்து வாழ்ந்துகொண்டு, படிவத்தில் மட்டும் தனியாள் என்று எழுதலாம் என நினைக்காதீர்கள். திருமணம் செய்யாமல் துணையோடு வாழ்பவர் தனியர் என்ற பெயரில் தகுதி பெற மாட்டார் என்று காரா 2022 ஜூனில் சுற்றறிக்கை விட்டது. அதே 2023 தீர்ப்பில், திருமணமாகாத இணையர்கள் சேர்ந்து தத்தெடுக்க முடியாது என்ற விதியை நீக்க ஐந்து நீதிபதிகளில் மூன்று பேர் மறுத்துவிட்டார்கள். இது நியாயமில்லை என்பது என் கருத்து, ஆனால் இன்றைக்கு விதி இதுதான்.

சரி, பிரிவு முடிவாகிவிட்டது. இப்போது உங்களிடம் இருக்கும் எல்லா அட்டையையும் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு உட்காருங்கள். ஒரு வெள்ளைத்தாளில் கட்டம் போட்டு, ஒவ்வொன்றிலும் பெயர் எப்படி இருக்கிறது, இனிஷியல் முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா, பிறந்த தேதி, பாலினம், முகவரி என்று எழுதுங்கள். ஆதாரில் புதுப் பெயர் இருக்கும், பான் கார்டில் அப்பா பெயர் முழுசாக விரிந்து உங்கள் பழைய பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கும், வங்கிப் புத்தகத்தில் இனிஷியலே இருக்காது, பத்தாம் வகுப்புச் சான்றிதழில் வேறு ஒருவர் இருப்பார். மற்றவர்களுக்கு இனிஷியல் தகராறு ஒரு சின்னத் தலைவலி, நமக்கு அது இரண்டு ஆட்களாகத் தெரியும். பெயர் மாற்றத்தை அரசிதழில் வெளியிட்டு அந்தப் பக்கத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், பழைய பெயரையும் புதுப் பெயரையும் இணைக்கும் காகிதம் அதுதான். அப்புறம் ஆட்சியர் சான்றிதழைக் காட்டி ஆதார், அதைக் காட்டி பான், பிறகு வங்கி என்ற வரிசையில் போங்கள். பான் கார்டில் 2018-லிருந்தே திருநர் என்ற தெரிவு உண்டு. எல்லாம் ஒரே மாதிரி ஆன பிறகுதான் காராவில் பதிவு.

வயதுக் கணக்கு

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஆனால் கவனமாகப் படியுங்கள். தனியாக விண்ணப்பிப்பவர் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை கேட்டால் 40 வயதைத் தாண்டியிருக்கக் கூடாது. இரண்டிலிருந்து நான்கு வயதுக் குழந்தைக்கு 45, நான்கிலிருந்து எட்டுக்கு 50, எட்டிலிருந்து பதினெட்டுக்கு 55. தம்பதி என்றால் இருவர் வயதையும் கூட்டி முறையே 85, 90, 100, 110. எப்படியிருந்தாலும் உங்களுக்கும் குழந்தைக்கும் 25 வயது வித்தியாசம் வேண்டும். பதிவு செய்யும் நாளில் இருக்கும் வயதைத்தான் பார்ப்பார்கள். நம்மில் பலருக்கு வீடு, வேலை, மனசு எல்லாம் ஒரு நிலைக்கு வருவதற்கே முப்பத்தைந்து தாண்டிவிடுகிறது, அதனால் 38, 39-ல் இருப்பவர்கள் ஆவண வேலையை இழுத்துக்கொண்டு போகாதீர்கள்.

பணம், வழக்கு, உடல்நலம்

இவ்வளவு சம்பளம் இருக்க வேண்டும் என்று விதியில் தொகை கிடையாது, பொருளாதாரத் தகுதி வேண்டும் என்றுதான் இருக்கிறது. ஆனால் காட்டக்கூடிய வருமானம் வேண்டும். சமையல் ஆர்டர், அழகு நிலையம், மேடை நிகழ்ச்சி, சொந்தக் கடை என்று கையில் காசாக வாங்குபவர்கள் இன்றே வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யத் தொடங்குங்கள். வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, தாக்கல் செய்த சில ஆண்டு ரசீதுகள் இருந்தால் கேள்வி கேட்பவரின் குரலே மாறும்.

வழக்கு விஷயத்தை யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை, நான் பேசுகிறேன். தத்தெடுப்பவர் எந்தக் குற்றத்திலும் தண்டனை பெற்றிருக்கக் கூடாது என்பது விதி. சென்னையில் கொஞ்ச காலம் தெருவில் நின்ற திருநங்கை யாராக இருந்தாலும் பெட்டி கேஸ், அதாவது சிறு குற்ற வழக்கு, என்றால் என்ன என்று தெரியும். ராத்திரி வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், சென்னை மாநகரக் காவல் சட்டம் 75-வது பிரிவு என்று எழுதி, காலையில் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தி, ஒத்துக்கொண்டு அபராதம் கட்டிவிட்டு வந்திருப்பீர்கள். வீட்டுக்குப் போனால் போதும் என்றிருந்திருக்கும். ஆனால் ஒத்துக்கொண்டு அபராதம் கட்டினால் அது காகிதத்தில் தண்டனைதான். இப்படி ஏதாவது இருந்தால் மறைக்காதீர்கள், காவல்துறைச் சரிபார்ப்பில் திடீரென்று வந்து நிற்க விடாதீர்கள். எந்த நீதிமன்றம், எந்த ஆண்டு என்று தேடி வழக்கு முடிந்த நகலை வாங்கி, பதிவு செய்வதற்கு முன்பே ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகி இலவச சட்ட உதவி கேட்கலாம், 15100 என்ற எண்ணில் அழைத்தும் கேட்கலாம்.

மருத்துவச் சான்றிதழில் உயிருக்கு ஆபத்தான நோய் எதுவும் இல்லை என்று வர வேண்டும். ஹார்மோன் எடுப்பது நோய் இல்லை. ஆனாலும் சான்றிதழ் தரும் மருத்துவர் புரியாமல் ஏதாவது எழுதிவிடக் கூடாது என்பதால், உங்களுக்கு வழக்கமாகச் சிகிச்சை தருபவரிடமே, இன்ன மருந்து, கண்காணிப்பில் இருக்கிறார், குழந்தை வளர்க்க உடலும் மனமும் தகுதியாக இருக்கின்றன என்று தெளிவாக எழுதி வாங்குங்கள்.

உங்களுக்குப் பிறகு யார்

தனியாகத் தத்தெடுப்பவரிடம் ஒரு உறுதிமொழி கேட்பார்கள். உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் குழந்தையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று உறவினர் ஒருவர் எழுதித் தர வேண்டும். பதினைந்து வயதில் வீட்டை விட்டு அனுப்பப்பட்டவரிடம் உறவினர் கையெழுத்து கேட்டால் அவர் எங்கே போவார்? நம் ஆட்களில் நிறையப் பேர் மனம் உடைந்து நிற்பது இங்கேதான்.

ஜமாத்தில், அதாவது திருநங்கைகள் நமக்குள் அமைத்துக்கொண்ட குடும்பத்தில், உங்களை மகளாக எடுத்த அம்மா இருப்பார், குரு இருப்பார், நீங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தவர் அவராகத்தான் இருப்பார். ஆனால் அதிகாரி ரத்த உறவைத் தேடுவார். அதனால் அக்கா, தம்பி, சித்தி என்று பேச்சுவார்த்தை இருக்கிற ஒருவரையாவது இப்போதே மெதுவாகத் தயார் செய்யுங்கள். ஊருக்குப் போய் உட்கார்ந்து பேசுங்கள். "கையெழுத்துப் போடு" என்று தொடங்காமல், "எனக்கு ஒரு குழந்தை வேண்டும், வந்தால் நீ அத்தையாக இருப்பாயா" என்று கேளுங்கள். முகம் கொடுத்துப் பேசாதவர்கள்கூடக் குழந்தை என்றதும் இளகுவதை நான் பார்த்திருக்கிறேன். ரத்த உறவு ஒருவருமே இல்லையென்றால், நெடுநாள் தெரிந்த, நிலையான வேலையும் முகவரியும் உள்ள ஒருவரின் உறுதிமொழியோடு போங்கள், ஏன் அவர், எத்தனை ஆண்டுப் பழக்கம் என்பதை ஒரு பக்கத்தில் எழுதி இணையுங்கள். உயிலும் எழுதி வையுங்கள். இவை தவிர உங்களைத் தெரிந்த இரண்டு பேரின் பரிந்துரைக் கடிதமும் வேண்டும். அதில் ஒருவர் நம் சமூகத்துக்கு வெளியே இருப்பவராக, பள்ளி ஆசிரியரோ, வேலை தந்தவரோ, தெருவில் கிளினிக் வைத்திருக்கும் மருத்துவரோ, அப்படி இருந்தால் நல்லது.

பதிவும் வீட்டு ஆய்வும்

பதிவு முழுக்க காராவின் இணையதளத்தில்தான். உங்களுக்கு வசதியான தத்து நிறுவனத்தை வீட்டு ஆய்வுக்குத் தேர்ந்தெடுக்கலாம். தமிழ்நாட்டில் இதையெல்லாம் மேற்பார்ப்பது குழந்தைகள் நலன் மற்றும் சிறப்புச் சேவைகள் துறை, கெல்லீஸில் இருக்கிறது, பழைய ஆட்கள் சமூகப் பாதுகாப்புத் துறை என்பார்கள். மாவட்ட அளவில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. வீட்டு ஆய்வுக்கு 6,000 ரூபாய், குழந்தை வரும்போது நிறுவனத்துக்கு 50,000 ரூபாய், பின்னாளில் வரும் ஒவ்வொரு தொடர் ஆய்வுக்கும் 2,000 ரூபாய் என்பது விதியில் சொன்ன கட்டணம். தொகை மாறியிருக்கிறதா என்று இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் தராதீர்கள், நன்கொடை என்று கேட்டாலும்.

வீட்டு ஆய்வுதான் இதில் உயிர்நாடி. சமூகப் பணியாளர் ஒருவர் உங்கள் வீட்டுக்கு வருவார், உங்களோடும் வீட்டில் இருப்பவர்களோடும் பேசுவார், சில நேரம் அக்கம்பக்கத்திலும் விசாரிப்பார். அவர் எழுதும் அறிக்கை மூன்று ஆண்டுக்குச் செல்லும். பெரிய வீடு வேண்டியதில்லை. வியாசர்பாடியில் ஒற்றை அறையில் மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரையோடு இருக்கிறீர்கள் என்றால் அதைச் சொல்லிக் கூச்சப்படாதீர்கள், குழந்தை எங்கே தூங்கும், குடிதண்ணீர் எப்படி, கழிவறை உள்ளேயா வெளியேயா, பக்கத்தில் அங்கன்வாடி எங்கே, நீங்கள் வேலைக்குப் போகும் நேரத்தில் யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதற்கு நேரான பதில் வைத்திருங்கள். வாடகை ஒப்பந்தம் உங்கள் பெயரில் எழுத்தில் இருக்க வேண்டும். சென்னையில் நமக்கு வீடு கிடைப்பதே பாடு, கிடைத்தாலும் வாய்ப்பேச்சில் குடியிருக்கச் சொல்வார்கள். குழந்தை வரப்போகிறது என்பதை வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ஆய்வாளர் வாசலில் நிற்கும்போது அவர் முதல் முறையாகக் கேள்விப்படக் கூடாது.

என் தோழி ஒருத்தியின் வீட்டு ஆய்வில் நானும் உடன் உட்கார்ந்திருந்தேன், அதைச் சொல்கிறேன். வந்த பெண்மணி வீட்டைச் சுற்றிப் பார்த்தார், சமையலறையில் கேஸ் சிலிண்டர் இருக்கும் இடத்தைப் பார்த்தார், பிறகு நாற்காலியில் உட்கார்ந்து கைப்பையிலிருந்து பேனாவை எடுத்துக்கொண்டு தோழியிடம் கேட்டார்: "குழந்தை உங்களை என்னன்னு கூப்பிடும்?" தோழி யோசிக்கவே இல்லை, "அம்மான்னுதான்" என்றாள். "பள்ளிக்கூடத்துல மத்த பிள்ளைங்க ஏதாவது சொன்னா?" அதற்குக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டாள். "சொல்லுவாங்க மேடம். எனக்குச் சின்ன வயசுல சொன்னப்ப வீட்ல வந்து சொல்ல ஆள் இல்லை. இந்தக் குழந்தைக்கு நான் இருப்பேன்." அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். மனப்பாடம் செய்த பதிலைச் சொல்லியிருந்தால் எழுதியிருக்க மாட்டார்.

திருநர் என்பதை வீட்டு ஆய்வில் மறைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். எந்தச் சான்றிதழ் வைத்திருந்தாலும் சொல்லிவிடுங்கள். தகவலை மறைத்தார் என்ற ஒரு வரி பின்னால் வந்தால் அதைக் காட்டியே விண்ணப்பத்தை ரத்து செய்ய முடியும், அது குழந்தை வீட்டுக்கு வந்த பிறகு நடந்தால் யாராலும் தாங்க முடியாது. அதே நேரத்தில், உங்கள் அறுவை சிகிச்சையைப் பற்றியோ படுக்கையறையைப் பற்றியோ யாராவது கேட்டால், "இது குழந்தையின் நலனோடு எப்படிச் சம்பந்தப்படுகிறது மேடம்?" என்று மரியாதையாகத் திருப்பிக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

காத்திருப்பு

கைக்குழந்தை கேட்பவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள், இது எல்லாத் தம்பதிகளுக்கும் பொது. வளர்ந்த குழந்தைகளுக்கும் சிறப்புத் தேவை உள்ள குழந்தைகளுக்கும் காத்திருப்பு குறைவு. ஆறு ஏழு வயதுக் குழந்தையை எடுப்பது பற்றி மனதாரப் பேசிப் பாருங்கள், நம்மில் பலருக்கு அது நன்றாகப் பொருந்தும் என்று நம்புகிறேன், ஒதுக்கப்பட்ட வலி தெரிந்தவர்கள் நாம். ஆனால் "உங்களுக்கெல்லாம் இந்த மாதிரிக் குழந்தைதான் கிடைக்கும்" என்று யாராவது தள்ளினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். சிகிச்சைச் செலவும் நேரமும் உங்களால் முடியுமா என்பதுதான் கணக்கு.

குழந்தையின் படமும் மருத்துவ அறிக்கையும் இணையதளத்தில் வந்த பிறகு 48 மணி நேரத்துக்குள் அந்தக் குழந்தையை உங்களுக்கென்று அங்கேயே பதிவு செய்துகொள்ள வேண்டும். அதனால் பதிவில் தந்த செல்போன் எண்ணை மாற்றாதீர்கள். மருத்துவ அறிக்கையைக் காட்டிக் கேட்க ஒரு குழந்தை மருத்துவரை முன்பே பேசி வைத்திருங்கள், எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை பக்கத்தில் இருப்பது சென்னைக்காரர்களின் பாக்கியம். நேரில் போய்ப் பார்த்து ஏற்றுக்கொண்ட பிறகு, ஆணை வரும் வரை தத்துக்கு முந்தைய வளர்ப்பு என்ற ஏற்பாட்டில் குழந்தை உங்களோடு வந்துவிடும். விண்ணப்பம் ஆட்சியரிடம் போய் இரண்டு மாதத்துக்குள் ஆணை வர வேண்டும் என்பது சட்டம். விசாரணை மூடிய அறையில்தான், வேடிக்கை பார்க்க யாரும் வர முடியாது.

சொந்தத்தில் குழந்தை இருந்தால்

அக்கா இறந்துபோய் அவள் பிள்ளையை நீங்கள் வளர்த்துக்கொண்டிருக்கிறீர்கள், இப்படி எத்தனையோ வீடுகள். பெற்றோரின் உடன்பிறந்தவர் என்ற முறையில் நீங்கள் சட்டப்படி உறவினர், உறவினர் தத்தெடுப்பு என்று அதே காரா தளத்தில் தனி வழி உண்டு. மேலே சொன்ன உச்ச வயது வரம்பு இதற்குப் பொருந்தாது, காத்திருப்போர் பட்டியலும் இல்லை. பெற்றோர் இருந்தால் அவர்கள் சம்மதம், இல்லையென்றால் குழந்தைகள் நலக் குழுவின் அனுமதி, குழந்தைக்கு ஐந்து வயதுக்கு மேல் என்றால் அதன் சம்மதமும் வேண்டும். வளர்க்கிறேனே, காகிதம் எதற்கு என்று விட்டுவிடாதீர்கள். பள்ளி மாறும்போது, பாஸ்போர்ட் எடுக்கும்போது, திடீரென்று அந்தக் குழந்தையின் அப்பா வந்து கையைப் பிடித்து இழுக்கும்போது, வளர்த்தவர் என்ற சொல்லுக்குச் சட்டத்தில் பலம் இல்லை.

இந்துக்களுக்கு 1956-ஆம் ஆண்டு தத்தெடுப்புச் சட்டம் இன்னொரு வழி. பெற்றவர்கள் நேராகக் கொடுத்து நீங்கள் வாங்கி, தத்துப் பத்திரம் எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்வது. அதிலும் இந்து ஆண், இந்துப் பெண் என்றுதான் இருக்கிறது. குழந்தைக்குப் பதினைந்து வயது நிரம்பியிருக்கக் கூடாது, உங்களுக்கு ஏற்கெனவே மகன் இருந்தால் இன்னொரு மகனை எடுக்க முடியாது, மகள் இருந்தால் இன்னொரு மகளை எடுக்க முடியாது, எடுப்பவரும் குழந்தையும் வேறு பாலினம் என்றால் 21 வயது வித்தியாசம் வேண்டும். கட்டாயம் வழக்கறிஞர் வைத்து எழுதுங்கள். கிறிஸ்தவ, இஸ்லாமிய நண்பர்களுக்கு காரா வழிதான், 2014-ல் உச்ச நீதிமன்றம் எந்த மதத்தவரும் சிறார் நீதிச் சட்டப்படி தத்தெடுக்கலாம் என்று சொல்லிவிட்டது.

ஒருபோதும் செய்யக் கூடாதது

ஆஸ்பத்திரி ஆயா மூலமாக, தரகர் மூலமாக, "அந்தப் பொண்ணுக்கு வேண்டாமாம், ராத்திரியே வாங்கிக்கங்க" என்று வரும் குழந்தை. குழந்தை வேண்டும் என்ற ஏக்கத்தில் நல்லெண்ணத்தோடு வாங்கியவர்கள் உண்டு. நடைமுறை இல்லாமல் குழந்தையைக் கொடுத்தாலும் வாங்கினாலும் மூன்று ஆண்டு வரை சிறை, பணம் கைமாறினால் ஐந்து ஆண்டு வரை. நம்மைப் பற்றிப் பிள்ளை பிடிப்பவர்கள் என்று பரப்பும் பொய் ஏற்கெனவே ஊரில் இருக்கிறது, அப்படி ஒரு செய்தி வந்தால் அடி வாங்குவது நீங்கள் மட்டும் இல்லை. உங்கள் வாசலிலேயே குழந்தையை விட்டுவிட்டுப் போனாலும் முதல் வேலை குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழைப்பதுதான். அந்தக் குழந்தை மேல் ஆசை வந்துவிட்டால் அதையும் குழந்தைகள் நலக் குழுவிடமே சொல்லுங்கள்.

மறுத்தால்

இணையதளத்தில் நிராகரித்தால் திரையைப் படம் எடுத்து வையுங்கள். வாயால் மறுத்தால் அன்றைக்கே ஒரு கடிதம் எழுதி, இன்ன தேதியில் இன்ன காரணம் சொல்லி என் விண்ணப்பம் ஏற்கப்படவில்லை, காரணத்தை எழுத்தில் தரவும் என்று பதிவுத் தபாலில் அனுப்புங்கள், ஒப்புகை அட்டையை வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். திருநர் என்பதுதான் காரணம் என்று எழுத்தில் வந்துவிட்டால், பாலினத்தை நாமே தீர்மானிக்கும் உரிமையைத் தந்த உச்ச நீதிமன்றத்தின் 2014 ஏப்ரல் 15 தீர்ப்பும், பாகுபாடு கூடாது என்ற 2019 சட்டமும் உங்கள் பக்கம் நிற்கின்றன. மாநிலத் தத்தெடுப்பு அமைப்பிலும் காராவிலும் முறையிட்டுவிட்டு உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். வழக்கு நடக்கும்போது ஊடகம் கூப்பிடும். போவதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம், ஆனால் எந்தக் குழந்தையின் பெயரும் படமும் உங்கள் கையிலிருந்து வெளியே போகக் கூடாது.

குழந்தை வந்த பிறகு

ஆணை வந்தவுடன் பிறப்புச் சான்றிதழில் உங்கள் பெயர் பெற்றோராக வர விண்ணப்பியுங்கள், சென்னையில் பதிவான பிறப்பு என்றால் மாநகராட்சி. ஒற்றைப் பெற்றோர் பெயரோடு பாஸ்போர்ட் எடுக்கலாம். பள்ளியில் அப்பா பெயர் கட்டாயம் என்று சொன்னால் தத்து ஆணையின் நகலைக் காட்டுங்கள், அசலைக் கொடுக்காதீர்கள். இரண்டு ஆண்டுகளுக்கு, ஆறு மாதத்துக்கு ஒரு முறை தொடர் ஆய்வுக்கு வருவார்கள். தடுப்பூசி அட்டை, பள்ளி ரிப்போர்ட், குழந்தையோடு எடுத்த படங்கள் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். குழந்தை ஏங்கி அழுத வாரங்கள், சாப்பிட மறுத்த நாட்கள், அதையும் சொல்லுங்கள், அவர்கள் உதவவும் கடமைப்பட்டவர்கள்.

தத்தெடுத்த விஷயத்தையும் நீங்கள் திருநர் என்பதையும் குழந்தை வேறு யார் வாயிலிருந்தும் கேட்கக் கூடாது. மூன்று வயதிலிருந்தே, சோறூட்டும்போது, தலை வாரும்போது, சின்னச் சின்ன வார்த்தையில் சொல்லத் தொடங்குங்கள், கேள்வி வந்தால் கேட்ட அளவுக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். வகுப்பாசிரியரிடமும் முதல் நாளே போய்ப் பேசிவிடுங்கள், பெற்றோர் கூட்டத்துக்கு வரப்போவது நீங்கள்தான் என்று.